சிவப்பு மண்ணும் காட்டூர்க் குடமும்

சேசு மரி சூசை துணை

அஜ்மான்
12.2.1983

அன்புள்ள மேரிக்கு இன்னாசி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உன் சுகத்துக்கு மறு கடுதாசி போடு. இது மூன்றாவது கடுதாசி. முதல் இரண்டும் வந்து சேர்ந்ததா, இல்லை தபால்காரர் காட்டூர் வாய்க்காலில் விட்டுவிட்டாரா தெரியவில்லை.

மேரி, இரும்பு வெள்ளையாக இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? சத்தியமாக எனக்குத் தெரியாது. பிறந்து இருபத்தாறு வருஷமாக இரும்பு என்றால் கறுப்பு, இல்லையென்றால் துரு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் கண்ணால் பார்த்தேன்!

கடலிலிருந்து ஒரு கப்பலை அப்படியே மேலே இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நம் மாதா கோயிலைவிட உயரம். அடியெல்லாம் சிப்பி மாதிரி கொட்டலசு ஒட்டி, பெயிண்ட் உரிந்து, தொழுநோய் வந்த மாதிரி நிற்கிறது. மண் அடிக்கிற ஆள் ஒருத்தன், பிளாஸ்டர் என்பார்கள். தோல் சட்டை, முகத்துக்குக் கண்ணாடி வைத்த பெரிய தொப்பி, அதற்குள் மூச்சு விடத் தனியாகக் காற்றுக் குழாய். அவன் கையில் ஒரு தடிக் குழாய். நான் இந்தப் பக்கம் இரும்புப் பானையில் மூட்டை மூட்டையாக மண் கொட்டுவேன். மெஷின் காற்று அந்த மண்ணை அடித்துக்கொண்டு போகும். சத்தம் கேட்டால் ஓடிவிடத் தோன்றும். குழாய் போன இடமெல்லாம் துரு, பெயிண்ட், கொட்டலசு எல்லாம் பறந்து, உள்ளே இருந்து இரும்பு வெளியே வருகிறது. வெள்ளை வெளேர் என்று! அன்றைக்குப் பிறந்த குழந்தை மாதிரி. நாலு மணி நேரத்துக்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டுமாம். விட்டால் வெறும் காற்று பட்டே மறுபடி துரு ஏறிவிடுமாம். ஒரு இரும்பு தன் நிஜ நிறத்தில் இருப்பது நாலே மணி நேரம்தான் மேரி!

அந்த மண்ணுக்குப் பேர் கார்னெட். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. மாதுளை முத்தைக் காயவைத்து நுணுக்கியது போல் நிறம். நம் மணல் ஒரு படி கனம் என்றால் இது ஒன்றரைப் படி. வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு பொடியிலும் வெளிச்சம் நிற்கிறது. ஒரு சிட்டிகை மடித்து இதில் வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்கும் காட்டு.

அன்புடன்,
இன்னாசிமுத்து


காட்டூர்
6.3.1983

ஆரோக்கியமேரி எழுதுவது.

மூன்று கடுதாசியும் வந்தது. தபால்காரரைச் சொல்லாதீர்கள்.

முதல் கடுதாசியில் கப்பல். இரண்டாவதில் காற்று மெஷின். மூன்றாவதில் மண். நீங்கள் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. மறந்திருப்பீர்கள். நானே எழுதுகிறேன்.

பழவேற்காட்டுக்கு வாழ வந்த முதல் நாளே உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு உப்பாக இருந்தது. அத்தையிடம் சொன்னேன். "இன்னாடி உப்பு? முப்பது வருசமா குடிக்கிறோம், யாரு செத்தா?" என்றார்கள். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. வாரம் ஒரு தரம் காட்டூர் வந்து ஒரு குடம் தண்ணீரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். யாருக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் வெளிநாடு போகிறீர்கள் என்று விருந்து வைத்தீர்கள். பந்தியில் கோயில் உபதேசியாருக்கு விக்கல். பக்கத்தில் இருந்தது என் குடம். ஒரு லோட்டா மொண்டு கொடுத்தேன். அவர் வெளியூரிலிருந்து கோயில் வேலைக்கு வந்தவர், குடித்துவிட்டு, "ஆகா, எளநி மாதிரி கீதே, இது எந்தக் கெணறும்மா?" என்றார். காட்டூர் என்றேன். கோயில் ஆளிடம் பொய்யா சொல்வது? உங்கள் வீட்டுக் கிணறு மாமா தோண்டியது; அத்தை முகம் சுண்டிப்போனது. நீங்கள் எழுந்து வந்தீர்கள். அத்தனை பேர் பார்க்க என் குடத்தைத் தூக்கி வாசல் மணலில் கவிழ்த்தீர்கள். "எங்க நைனா தோண்டுன கெணறு ஒனக்கு உப்பா? போ, ஒன் ஊர்லயே போயி குடி" என்றீர்கள்.

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மண்ணைப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் படகில் அக்கரை கூட்டிப்போனீர்களே, லைட்அவுஸ் பக்கம். அலை ஏறி இறங்குகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு நீளமாகப் போயிருந்தது. "இன்னாங்க இது, யாராவது குங்குமம் கொட்டிட்டாங்களா?" என்று கேட்டேன். "அது வெறும் மண்ணு, வா" என்று அதை மிதித்துக்கொண்டே போனீர்கள். உங்கள் ஆஸ்திரேலியா மண்ணும் அதுவும் ஒன்றுதான். கையில் வைத்தால் அதே கனம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆரோக்கியமேரி


அஜ்மான்
30.3.1983

அன்புள்ள மேரிக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அரை நாள் எனக்கு வேலை ஓடவில்லை! அந்தச் சிவப்பு மண்ணை எத்தனை ஆயிரம் தரம் மிதித்திருப்பேன்! மழைக்காலம் முடிந்து கடல் இறங்கினால் வரும், நாலு நாளில் அலை கலைத்துவிடும். போர்மேன் கோபால் அண்ணனிடம் சொன்னேன். "டேய் இன்னாசி, இந்த மண்ணு ஒன் ஊட்டாண்ட கெடக்குது, நீ கடல் தாண்டி வந்து மூட்டை தூக்குறே. ஒன்ன வுட வெவரமானவன் எவன்டா?" என்றார். கப்பல் பட்டறையே சிரித்தது. எனக்கு வெட்கமே இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

இன்னும் கேள். கார்னெட் ஒரு தரம் அடித்ததோடு முடிந்துபோவதில்லை! அடித்த மண்ணைக் கூட்டி அள்ளி, பெயிண்ட் சில்லு, துரு, கொட்டலசு எல்லாம் போகச் சலித்து, தூசியைக் காற்றில் பறக்கவிட்டு, மறுபடி பானையில் போடலாம். மூன்று தரம், நாலு தரம்கூட. பொடி இரும்பில் மோதி உடைகிறது அல்லவா, உடைந்த இடத்தில் புதுசாக ஒரு கூர் வருகிறது. அடி வாங்க வாங்கக் கூர் ஆகிற சாமான் உலகத்தில் வேறு எது இருக்கிறது? கடைசியில் மாவாகிவிடும். அப்போது குழாய்க்கு முன்னால் வெறும் புகைதான் வரும், இரும்பு வெளுக்காது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், குத்தாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட வேண்டியதுதான். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு எதிரி உப்பு. கடலில் கிடந்த கப்பலில் அடித்தால் மண்ணில் உப்பு ஏறிவிடும். சலித்தாலும் உப்பு போகாது; பெயிண்டுக்கு அடியில் அது இருந்தால் ஈரத்தை இழுத்து மறுபடி துரு ஏறும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். உப்பு போயிற்றா என்று பார்க்க, அலசின மண்ணில் ஒரு பிடியை பாட்டிலில் போட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளிய வைத்து, மீட்டரை விட்டுப் பார்ப்பார்கள். அந்த மீட்டர் கெட்டுப்போய் ரிப்பேருக்குப் போயிருக்கிறது.

இப்போதுதான் விஷயமே. நான் கோபால் அண்ணனிடம் சொன்னேன்: "அண்ணே, நாங்க பழவேற்காட்டுக்காரங்க. ஏரித் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வெச்சா முகத்துவாரம் தொறந்துகீதா மூடிகீதான்னு சொல்லிடுவோம். மீட்டரு எதுக்கு?" சோதித்துப் பார்த்தார். மூன்று டம்ளர் வைத்தார். கடல் தண்ணீர் கலந்தது எது என்று டக்கென்று சொன்னேன். இப்போது மீட்டர் வரும்வரை உப்பு பார்க்கிற வேலை எனக்கு! பாட்டிலைக் குலுக்கி நான் "சரி" என்றால்தான் மண் மறுபடி பானைக்குப் போகும். உன் புருஷன் நாக்கு கப்பலைக் காக்கிறது மேரி!

குடம் விஷயம். அத்தனை பேர் முன்னால் செத்துப்போன நைனாவின் கிணற்றை மட்டமாகப் பேசியது போல் ஆகிவிட்டது, கோபம் வந்தது. விடு, அது பழைய கதை.

இன்னாசி


காட்டூர்
18.4.1983

ஐயோ.

உப்பு பார்க்க உங்களையா வைத்தார்கள்?

கடல் தண்ணீரைக் கண்டுபிடிக்க எந்தக் குழந்தையாலும் முடியும். லேசாக இருக்கிற உப்புதான் உங்கள் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் காபி போட்டால் எனக்குக் கரிக்கும், நீங்களும் அத்தையும் சர்க்கரை கேட்பீர்கள். தாய்ப்பாலுக்கு அப்புறம் நீங்கள் குடித்ததே அந்தக் கிணறுதான். உங்கள் நாக்குக்கு அதுதான் நல்ல தண்ணீர்.

என்மேல் கோபம் இருந்தாலும் இதைக் கேளுங்கள். உங்களோடு வேறு ஊர்க்காரர் யாராவது இருப்பார். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவராகப் பார்த்து, அந்த பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

பழைய கதை என்று எழுதியிருந்தீர்கள். குடம் இன்னும் உங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. நான் எடுத்துவரவில்லை.

ஆரோக்கியமேரி


அஜ்மான்
2.7.1983

மேரிக்கு,

இதை ஐந்து தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

உன் கடுதாசி ஏப்ரல் கடைசியிலேயே வந்தது. படித்ததும் சுருக்கென்றது. இவள் இன்னும் கிணற்றை விடவில்லை என்று பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். பதில் போடவில்லை. யாரிடமும் பாட்டிலைக் கொடுக்கவும் இல்லை.

மே மாசம் ஒரு இழுவைக் கப்பல் வந்தது. சின்னதுதான். மூன்றாம் தரம் சலித்த மண்ணை அலசிக் காயவைத்து அதற்கு அடித்தோம். பாட்டிலை நான்தான் பார்த்தேன். சப்பென்று இருந்தது. "நல்ல தண்ணிண்ணே" என்றேன். இரும்பு பளபளவென்று வெளுத்தது. பெயிண்டர் பெரியசாமி அழகாகப் பெயிண்ட் அடித்தான். மேட்டூர்க்காரன், பொறுமைசாலி, தூரிகை எடுத்தால் பேசமாட்டான். கப்பல் போய்விட்டது.

மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. அடியெல்லாம் கொப்புளம். அம்மை போட்ட மாதிரி. ஒன்றைக் குத்தினால் உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வழிகிறது. பெரியசாமி ஈரத்தில் பெயிண்ட் அடித்துவிட்டான் என்று முடிவு கட்டி, அவனை ஊருக்கு அனுப்பக் காகிதம் தயாராகிவிட்டது. அவன் துணியை மடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து உன் கடுதாசியை எடுத்தேன்.

பார்த்த பாட்டில்களை நான் தேதி எழுதி வரிசையாக வைத்திருப்பேன். அந்தத் தேதி பாட்டிலை எடுத்துப்போய், "பெரியசாமி, இத கொஞ்சம் வாயில ஊத்திப் பாரு" என்றேன். பாவம், எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஊற்றினான். உடனே "த்தூ!" என்று துப்பினான். "என்னடா இது, உப்பக் கரைச்சுக் குடுக்குற?" என்றான். கோபால் அண்ணனிடம் கொடுத்தேன். நாக்கைச் சப்பிவிட்டு, "கரிக்குதுடா" என்றார். சமையல்காரர் குடித்தார். முகத்தைச் சுளித்தார். அப்புறம் நான் குடித்தேன்.

மேரி, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மறுபடி குடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நம் வீட்டுத் தண்ணீர் மாதிரியே இருந்தது. அச்சு அசலாக நம் கிணறு. மூன்று பேர் எதிரே நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள். பாட்டிலைக் கீழே வைத்தேன். பயம் இல்லை. எப்படிச் சொல்வேன், கோயில் பூசையில் சாமியார் தேவநற்கருணை அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு நிமிஷம் ஊரே மூச்சடக்குமே, அது மாதிரி. என் வாய்க்குள் பிறந்ததிலிருந்து உப்பு இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! இரும்பு வெள்ளை என்று தெரியாமல் இருபத்தாறு வருஷம் இருந்தேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. தண்ணீர் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன். நீ வந்த முதல் நாளே ஒரு வாயில் கண்டுபிடித்துவிட்டாய்.

நேராகப் போய் இஞ்சினியரிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, பெயிண்டர்மேல் தப்பில்லை என்று. பெரியசாமி காகிதத்தைக் கிழித்தார்கள். என்னை ஊருக்கு அனுப்பவில்லை, ஆனால் பானையை விட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது சல்லடைக் கொட்டகையில் இருக்கிறேன். பிளாஸ்டர் ஆகிற ஆசை போனது போனதுதான். அந்த மண் முழுவதையும் தூக்கிப்போட்டுவிட்டு, புது மூட்டை பிரித்துக் கப்பலை மறுபடி முதலிலிருந்து அடித்தார்கள்.

நீ சொன்னது நிஜம். நம் கிணறு உப்பு. குடத்தைக் கவிழ்த்தது தப்பு. வா என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். நம் வீட்டுக்குப் போவாயா?

இன்னாசி


காட்டூர்
24.7.1983

அன்புள்ளவருக்கு,

கடுதாசி வந்தது. பெரியசாமிக்காகப் போய்ச் சொன்னீர்களே, அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் படித்தேன். அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் கிணறு உப்பு என்று எனக்கு எழுதி என்ன பிரயோசனம்? குடித்துப் பார்த்தவளே நான்தான். என்னிடம் தனியாகச் சொல்கிறீர்கள், கவிழ்த்தது பந்தி முன்னால். அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றைக்கும் என்னைச் சந்தையில் கண்டால், "இன்னா மகாராணி, ஊட்டுத் தண்ணி நல்லா கீதா?" என்று கேட்கிறார்கள். நான் எந்த முகத்தோடு அந்த வாசலில் கால் வைப்பேன்?

அவர்களுக்கு எழுதுங்கள். அப்புறம் யோசிக்கிறேன்.

மேரி


அஜ்மான்
14.8.1983

அன்புள்ள மேரிக்கு,

எழுதிவிட்டேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எப்போதும் உபதேசியார்தான் வந்து படித்துச் சொல்வார் என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன்: ஞாயிறு பூசை முடிந்ததும் அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்களை எல்லாம் நம் வாசலுக்குக் கூட்டி, குடம் கவிழ்த்த இடத்திலேயே நின்று சத்தமாகப் படிக்கவேண்டும் என்று.

நைனா கிணறு மட்டம் என்று எழுதக் கை வரவில்லை. அவர் ஒற்றை ஆளாகத் தோண்டியது. "தண்ணியைப் பத்தித் தெரியாதவன் நான்தான். மேரி சொன்னது சரி. இங்கே என் நாக்கையே சோதித்துப் பார்த்துவிட்டேன். அவள் குடத்தைத் தொட்ட கைக்காக மன்னிப்புக் கேட்கிறேன்." இவ்வளவுதான் எழுதினேன். அம்மா என்ன செய்வாளோ தெரியவில்லை. நினைத்தால் அந்தக் காற்று மெஷினைவிடப் பயமாக இருக்கிறது.

சல்லடைக் கொட்டகை மோசமில்லை. எது மறுபடி அடிக்கும், எது இதோடு சரி என்று நாள் முழுக்க உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறேன். வெயில் சாய்ந்தால் கொட்டகையே சிவக்கிறது. அலசின மண்ணை மட்டும் பெரியசாமியிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் நாக்கு சரி என்றால்தான் சரி.

உன்
இன்னாசி


பழவேற்காடு
20.1.1984

அன்புள்ள என்னாங்க,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? இடையில் போட்ட கடுதாசிகளில் சுகம் மட்டும்தான் எழுதினேன். முழுசாக எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உபதேசியார் நீங்கள் சொன்னபடியே வாசலில் நின்று படித்தாராம். அத்தை எழுந்துபோய்க் கிணற்றில் ஒரு சொம்பு இறைத்து அவரிடம் நீட்டினார்களாம்.

"குடிச்சிட்டு நீ சொல்லுய்யா. இது உப்பா?"

"அம்மா, நான் கோயில் வேல செய்றவன். என்ன கேக்காதீங்க."

"அப்ப உப்புதான். பதினோரு வருசமா எங்க ஊட்ல ஏன்யா குடிச்சே?"

"நீங்க ஆசையா குடுத்தீங்க, குடிச்சேன்" என்றாராம்.

எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் காட்டூரில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். தனியாக, பஸ்ஸில். இடுப்பில் என் குடம். புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று. நான் வாங்க என்பதற்குள், "உங்க தண்ணிய எட்தா, பாக்கலாம்" என்றார்கள். ஒரு சொம்பு கொடுத்தேன். பாதி குடித்து நிறுத்தினார்கள். வாயிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கிணற்றைப் பார்த்தார்கள்.

"இன்னாடி இது, இதுல ஒண்ணுமே இல்லியே" என்றார்கள்.

"ஆமா அத்தை. ஒண்ணும் இல்ல."

"இந்த ஒண்ணும் இல்லாததுக்கா எம்புள்ள எல்லாரு முன்னாலயும் அப்டி குதிச்சான்?" என்று மீதியையும் குடித்தார்கள். அப்புறம் குடத்தை என் பக்கம் தள்ளினார்கள். "சரி, ரொப்பு. பஸ்ஸு பூடப் போது."

ரொப்பினேன். அன்றைக்கே அத்தையோடு வந்துவிட்டேன். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன், ஒரு பக்கம் அத்தை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

குளிக்க, துணி துவைக்க எல்லாம் மாமா தோண்டின கிணறுதான். குடிக்க மட்டும் காட்டூர். வாரம் இரண்டு தரம் நானே போய் எடுத்து வருகிறேன். மழை முடிந்து கடல் இறங்கியதும் அக்கரைக்குப் போனேன். அந்தச் சிவப்புக் கோடு வந்திருக்கிறது. இந்தத் தரம் லைட்அவுஸ் தாண்டியும் போகிறது, கண்ணுக்கு எட்டும்வரை. எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெயில் பட்டதும் நீங்கள் எழுதிய மாதிரியே ஒவ்வொரு பொடியிலும் வெளிச்சம். மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தேன்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நாலைந்து மாசமாக அத்தையும் காட்டூர்த் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். நேற்று குடம் தீர்ந்துபோய்விட்டது. அத்தை கிணற்றில் இறைத்து ஒரு வாய் குடித்தார்கள். குடித்துவிட்டு அப்படியே நின்றார்கள். யாராவது பார்க்கிறார்களா என்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார்கள். அப்புறம் என் கிட்டே வந்து, காதோடு காதாக,

"ஏய் மேரி, லேசா கரிக்குதில்ல?" என்றார்கள்.

"அப்டியா அத்தை?" என்று மட்டும் கேட்டேன்.

உங்கள்
மேரி